விரித்து வைத்த படுக்கை

தையற்காரரின் மனைவி தன் கணவரிடம் ஆசைப்பட்டு ஒன்றும் கேட்டதில்லை என்று உறவுக்காரர்கள் எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். அது தப்பு. அவள் ஒன்று கேட்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. மாமியார் படுக்கையிலும் மாமனார் நாற்காலியிலுமாக இருந்தார்கள். ஒரு காலை நேரம், வீட்டிலிருந்த அத்தனை பேருடைய போர்வையையும் உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கலைச்சுப் போட்டுட்டுப் போன படுக்கை, திரும்பி வர்றப்போ விரிச்சு இருக்கணும். அப்படி ஒரு தடவை பார்த்துட்டா போதும்ங்க."

"அவ்வளவுதானே. நாளைக்கே நான் விரிச்சு வெக்கிறேன்."

"நீங்க விரிச்சா நான் மறுபடியும் விரிக்கணும். வீட்டு ஆளுங்க கணக்குல வராது."

அவர் சிரித்துவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதிக்கப் போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் துணியில் விட்டுப்போன குண்டூசி மாதிரி எப்போதாவது அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் தலையெடுத்து, மகள் கைநிறையச் சம்பாதிக்கத் தொடங்கி, "அப்பா, உங்க ரெண்டு பேரையும் எங்கயாவது அனுப்பணும். எங்க போறீங்க?" என்று கேட்டபோது, யோசிக்காமல் "கப்பல்" என்றார்.

கடல்மேல் அவருக்கு ஒரு பிரியமும் கிடையாது. குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மறந்துவிட்டுப் போன விளம்பரப் புத்தகத்தில் அந்தக் கப்பலின் அறையைப் பார்த்திருந்தார். ஒரு சுருக்கமில்லாத வெள்ளைப் படுக்கை. அதன்மேல் துண்டை மடித்துச் செய்த அன்னப்பறவை. கீழே ஒரு வரி: நீங்கள் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் அறை புதிதாகிறது.

கப்பல் ஏறும்போது மனைவிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கரை இறங்கற வரைக்கும் நீ ஒரு துணியைத் தொடக்கூடாது. தொட்டா நான் உன்கூடப் பேச மாட்டேன்."

"நீங்க பேசாம இருந்தா அதுவும் ஒரு ஓய்வுதான்" என்றாள் அவள்.

அறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. படுக்கை படத்தில் இருந்தபடியே இருந்தது. அவள் பணக்காரச் சொந்தக்காரர் வீட்டு சோபாவில் உட்காருவது போல அதன் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "இது கணக்குல வராது. இன்னும் நான் கலைக்கலையே" என்று சொல்லிவிட்டு, வெட்கத்தோடு சிரித்தாள். இருபது வயது குறைந்த சிரிப்பு அது. மகளுக்கு அந்த நிமிடமே ஒரு கும்பிடு போட்டார் தையற்காரர்.

மறுநாள் காலை அவர் பல் விளக்கிவிட்டு வந்தபோது அந்தச் சிரிப்பு மறைந்து, வீட்டு முகம் வந்திருந்தது. அவள் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். போர்வை ஏற்கெனவே மடிந்திருந்தது. குளியலறைக் கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது.

"என்ன பண்றே?"

"வர்றவ என்ன நினைப்பா? வீட்டுல இவங்க இப்படித்தான் இருப்பாங்க போலன்னு நினைக்க மாட்டாளா?"

"அவ சுத்தம் பண்ணத்தானே வர்றா?"

"சுத்தம் பண்ண வர்றவ கண்ணுக்கு நம்ம இடம் குப்பையாத் தெரியக்கூடாதுங்க."

இந்த வாதத்தை அவர் முன்பே கேட்டிருக்கிறார். ஒரு சமயம் வீட்டு வேலைக்கு ஆள் வைத்தார்கள். அந்த அம்மாள் வருவதற்குள் மனைவி பெருக்கித் துடைத்துப் பாத்திரமும் கழுவி வைத்துவிடுவாள். வந்தவளுக்கு டீ குடிப்பதுதான் வேலை. மாதம் முடிவதற்குள் அவள், "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கூச்சமா இருக்குங்க" என்று நின்றுவிட்டாள். உலகத்தில் அப்படிக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம் இல்லை என்பது தையற்காரருக்கு இந்தக் கப்பலில்தான் தெரிய வந்தது.

காலைச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது அறை வாசலில் வெள்ளை உடுப்புப் போட்ட மனிதர் ஒருவர், கையிலிருந்த கருவியை உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசிக்கும் தெர்மாமீட்டருக்கும் பிறந்தது போலிருந்தது அந்தக் கருவி.

"நீங்கதான் அறையைச் சுத்தம் பண்றவரா?" என்று கேட்டார் தையற்காரர்.

வெள்ளை உடுப்பின் முகம் சுருங்கியது. "நான் தூய்மை மதிப்பீட்டாளர். சுத்தம் பண்ண வேண்டியிருக்கான்னு பார்க்கிறவன்."

"வேண்டியிருந்தா?"

"பரிந்துரை பண்ணுவேன்."

"யாருக்கு?"

"பரிந்துரையைப் பரிசீலிக்கிறவருக்கு. அவருக்கு மேல ஒப்புதல் குழு இருக்கு." அவர் கருவியைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஆனா உங்க அறைக்கு அந்தச் சிரமமே இல்லைங்க. படுக்கையைப் பாருங்க, எவ்வளவு நேர்த்தி. வாழ்த்துகள்." சட்டைப் பையிலிருந்து பச்சை இலை வடிவில் ஒரு ஒட்டுத்தாளை எடுத்துக் கதவில் ஒட்டிக் கட்டை விரலால் தேய்த்தார்.

"இது என்னங்க?"

"நீங்க இயற்கைத் தோழர் ஆகிட்டீங்க. பச்சை இலை வாங்கின அறைக்குள்ள பயணம் முடியற வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டோம்."

"தொந்தரவு பண்ணத்தானே காசு கட்டியிருக்கோம்?"

மதிப்பீட்டாளர் நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்துவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தார். தையற்காரர் இலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. அந்தக் கப்பலில் உருப்படியாக வேலை செய்தது அந்தப் பசை ஒன்றுதான்.

"என்னாலதான்" என்றாள் மனைவி. "கைய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்." அவள் குரலில் கோபம் இல்லை. சாமான் வாங்கப் போன இடத்தில் கடை சாத்தியிருந்தால் எப்படித் திரும்புவாளோ அப்படித் திரும்பி உள்ளே போனாள். அதுதான் தையற்காரருக்குத் தாங்கவில்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

அறைச் சேவைக்கு என்று அங்கே ஒரு மேஜையும் இல்லை. விசாரித்ததில், அந்தத் துறை இப்போது நன்றித் துறையோடு இணைக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நன்றித் துறையில் பளபளப்பான மேஜைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒருவர் இருந்தார். இவ்வளவு பேரில் பாதிப் பேர் ஆளுக்கொரு துடைப்பம் எடுத்தால் கப்பல் மத்தியானத்துக்குள் கண்ணாடியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. நன்றி அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"ஐயா வாங்க. நன்றி சொல்ல வந்தீங்களா, நன்றியைக் கூட்டிக் கொடுக்க வந்தீங்களா?"

"அறையைச் சுத்தம் பண்ண ஆள் வேணும்."

"அது பழைய முறை ஐயா. தினமும் ஒரு அந்நிய மனுஷன் உங்க படுக்கையறைக்குள்ள நுழையறது எவ்வளவு பெரிய அவமரியாதை. அதை இத்தனை காலம் பண்ணினதுக்கு முதல்ல எங்க நிர்வாகம் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்குது."

"மன்னிப்பு வேண்டாம். அவமரியாதையே பண்ணுங்க. தினமும் எங்க கணக்குல பணியாளருக்கு டிப்ஸ் மாதிரி நன்றித்தொகைன்னு எடுக்கறீங்களே. போன வருஷம் போனவங்ககிட்ட எடுத்ததைவிட இது அதிகம்னு என் மகள் சொன்னா."

"ஆமா ஐயா. உயர்த்தியிருக்கோம்."

"வேலை குறைஞ்சிருக்கு. நன்றி எப்படிங்க உயரும்?"

"ரொம்ப நல்ல கேள்வி." அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். "முன்னாடி வேலை செய்யறவங்க நிறைய பேர் இருந்தாங்க. உங்க நன்றி எல்லார் மேலயும் சிதறிப் போச்சு. இப்ப ஆள் குறைவு. நன்றி ஒரு இடத்துல குவியுது. குவிஞ்ச நன்றிக்கு அடர்த்தி அதிகம்."

"நான் ஒரு தையற்காரன்ங்க. சட்டை தைச்சாத்தான் கூலி வாங்கறேன். பாதி கை வெச்சுட்டு முழுக்கைக்குக் கேட்டா வாடிக்கையாளர் அடிக்க வருவார்."

"இது கூலி இல்லையே ஐயா. கூலின்னா அதை நாங்க கொடுக்க வேண்டியிருக்கும்."

பக்கத்து மேஜைக்காரர் இருமினார். தான் சொன்னதில் எந்தத் தவறும் இருப்பதாக அதிகாரிக்குத் தெரியவில்லை. தையற்காரருக்கு ஒரு கிண்ணத்திலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்து, "எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு போற வழியில அந்தப் பொத்தானை அமுக்கிட்டுப் போங்க" என்றார். அந்தப் பொத்தானில் சிரித்த முகம் மட்டும்தான் இருந்தது.

அவர் வேறு வழியில் முயன்றார். அன்று சாயங்காலம், வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே ஒரு துணியைக் கசக்கினார். போர்வையைச் சுருட்டி மூலையில் எறிந்தார். தலையணைகளைத் தரையில் போட்டார். மனைவியின் கையைப் பிடித்து, குற்றவாளியைப் போலீஸ்காரர் கூட்டிப் போவதைப் போல அறையைவிட்டு வெளியே கூட்டிப் போனார். மதிப்பீட்டாளரையும் தேடிப் பிடித்து அழைத்து வந்து காட்டினார்.

மதிப்பீட்டாளர் கருவியை நீட்டினார். பிறகு மரியாதையோடு அதைத் தாழ்த்தினார்.

"இது குப்பை இல்லைங்க. பயணி சந்தோஷமா வாழ்ந்த தடயம். இதை அழிக்க எங்களுக்கு உரிமை கிடையாது." இன்னொரு இலையை எடுத்து முதல் இலைக்குப் பக்கத்தில் ஒட்டினார். "இரட்டை இலை ரொம்ப அபூர்வம்."

அதற்குப் பிறகு ஒருநாள், மனைவி மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, தையற்காரர் தானே படுக்கையை விரித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல அவளை அழைத்து வந்தார். துண்டில் ஓர் அன்னமும் செய்து வைத்திருந்தார். அது கழுத்தொடிந்த வாத்து மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்ததென்னவோ நிஜம். அப்புறம் கிட்டப் போய் ஓரத்தைத் தூக்கினாள்.

"சட்டைக் காலர் மாதிரி மடிச்சிருக்கீங்க" என்றாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் உருவி மறுபடியும் விரித்தாள். "வீட்டு ஆளுங்க கணக்குல வராதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

இதற்குள் கப்பல் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. பச்சை இலை இல்லாத பயணிகளுக்குத் தாழ்வுமனப்பான்மை வந்துவிட்டதாக ஆய்வு ஒன்று நடத்தி, அதற்கு மருந்தாக நடன அரங்கில் வகுப்புகள் தொடங்கியது. படுக்கை விரிக்கும் ஆனந்தம் என்று ஒரு வகுப்பு. குளியலறையும் தியானமும் என்று இன்னொன்று. இரண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. கூட்டம் நெருக்கியடித்தது. பக்கத்து அறையில் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர் என்று அவர் மனைவியே சொன்னாள். அவர் முதல் வகுப்பு முடிந்ததும் முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்து, எதிரே வந்த தையற்காரரிடம், "ஈரம் காயற வரைக்கும் மிதிக்காதீங்க. தரையில ரெண்டு கட்டம் துடைச்சா ஒரு புள்ளி தர்றாங்க" என்றார்.

"புள்ளிய வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"நிறைய சேர்ந்தா பெரிய துடைப்பம் கொடுப்பாங்களாம்."

துண்டு அன்னம் மட்டும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் கதவுக்கடியில் ஒரு துண்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அன்னத்தைப் பயணியே செய்துகொள்ள வேண்டும். செய்து படம் எடுத்து அனுப்பினால், நன்றித் துறையிலிருந்து ஒரு நன்றி வரும்.

கரை சேர இரண்டு நாள் இருந்தபோது, ஒரு மாலை எல்லோரையும் பெரிய அரங்கத்துக்கு அழைத்தார்கள். அறை மகிழ்ச்சி இயக்குநர் மேடையேறினார். அவருடைய கோட்டில் இரண்டு வரிசையாகத் தங்கநிறப் பொத்தான்கள் மின்னின. எதற்கும் மாட்டத் துளை இல்லை என்பதைத் தையற்காரர் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார்.

"முன்பெல்லாம்," என்று ஆரம்பித்தார் இயக்குநர், "பயணி வெளியே போவார். யாரோ உள்ளே வந்து சுத்தம் செய்வார். பயணி திரும்பி வந்து அதைக் கவனிக்கக்கூட மாட்டார். என்ன ஒரு வீண். இன்று உங்களில் ஒவ்வொருவருக்கும் உங்கள் அறையின் மூலைமுடுக்கெல்லாம் அத்துபடி. இந்த நெருக்கத்தை உங்களுக்குத் தந்தது நாங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கினோமா? இல்லை. நன்றித்தொகையோடு சேர்த்துத்தான் வாங்கினோம்."

கை தட்டினார்கள்.

"பணியாளர்களைக் குறைத்துவிட்டோம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அது உண்மையல்ல. பணியாளர் என்ற சொல்லுக்குள் யார் யார் வரலாம் என்பதை விரிவுபடுத்தியிருக்கிறோம். இந்த அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் இன்று அதற்குள் அடக்கம். உலகத்தில் எந்தக் கப்பலிலாவது பணியாளர்களே காசு கொடுத்து ஏறுகிறார்களா?"

ஓய்வு பெற்ற அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார்.

"கொடுப்பவரும் பெறுபவரும் வேறு வேறு என்பது அறியாமை. நீங்கள் விரித்த படுக்கைக்கு நீங்களே நன்றித்தொகை தருகிறீர்கள். நடுவில் நாங்கள் இருப்பது அது பத்திரமாகப் போய்ச் சேர்வதற்காகத்தான்."

எங்கே போய்ச் சேர்வதற்காக என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதற்குள் இரட்டை இலை வாங்கிய ஒரே அறையை அறிவித்துவிட்டார்கள். தையற்காரரின் மனைவியை இரண்டு பேர் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். இயக்குநர் அவள் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, "என் சகோதரி" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, படமெடுக்கிறவர் போதும் என்கிறவரை விடாமல் நின்றார். பரிசாகத் தங்க முலாம் பூசிய கைப்பிடி போட்ட தூசி தட்டி ஒன்றைக் கொடுத்தார். இனி எந்தப் பயணத்திலும் அவள் தங்கும் தாழ்வாரம் முழுவதையும் அவளே கவனித்துக்கொள்ளலாம் என்ற தனியுரிமையும் வழங்கப்பட்டது. நாளைக் காலை முதலீட்டாளர்கள் மேல்தளத்து மாதிரி அறையைப் பார்க்க வருகிறார்கள் என்றும், எல்லோரும் வழியைத் துடைத்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டு இயக்குநர் இறங்கினார்.

அறைக்குத் திரும்பியதும் அவள் தூசி தட்டியை மேஜைமேல் வைத்தாள். தானே விரித்திருந்த படுக்கையில் தானே படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கறே?"

"வீட்டுல இருந்திருந்தா இந்நேரம் பேர் சொல்லித் திட்டவாவது ஆள் இருந்திருக்கும்" என்றாள். "இங்க கும்பிட்டுக் கும்பிட்டு வேலை வாங்கறாங்க."

தையற்காரர் விளக்கை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள் கரை. மகள் துறைமுகத்தில் வந்து நின்று, "அம்மா, நல்லா ஓய்வெடுத்தியா?" என்று கேட்பாள். இவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அதை நினைக்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் மாதிரி அறையைத் தேடிக்கொண்டு அவர்தான் அவளை அழைத்துப் போனார். வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பயணிகள் வரிசையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அச்சு அசலாக விளம்பரப் புத்தகத்துப் படம். ஒரு பணிப்பெண் அன்னத்தின் கழுத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டிருந்தது. நின்றபடியே தூங்குகிறவள் மாதிரி அவ்வப்போது இமைகள் மூடித் திறந்தன.

காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வரிசை கலைந்தது. தையற்காரரின் மனைவி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே நுழைந்தார்.

"அம்மா, உள்ள வரக்கூடாதும்மா. இது காட்டறதுக்கு" என்றாள் பணிப்பெண்.

"படுக்கை காட்டறதுக்காம்மா?"

பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல்ல தினமும் விரிக்கறது இந்தப் படுக்கையை மட்டும்தான். அடிக்கடி விரிக்கணும். யாராவது தொட்டுட்டாங்கன்னா மறுபடியும் விரிக்கணும். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது."

"மத்த வேலைக்காரங்க எல்லாம்?"

"அனுப்பிட்டாங்க. விரிக்கறதுக்கு நான் ஒருத்தி. நான் விரிக்கறதை மேற்பார்வை பண்றதுக்குத்தான் ஒரு பட்டாளம் இருக்கு. எந்நேரமும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

தையற்காரரின் மனைவி படுக்கையைப் பார்த்தாள். பிறகு, பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்லாத அந்த ஆசையை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் நாலே வார்த்தையில் சொன்னாள். சொல்லும்போது புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

 பணிப்பெண் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அவ்வளவு பாடுபட்டுச் செய்த அன்னத்தை ஒரே உதறலில் வெறும் துண்டாக்கினாள்.

"படுங்கம்மா. பயந்து பயந்து படுக்காதீங்க. நல்லாக் கலைச்சுப் போடுங்க."

அவள் படுத்தாள். முதலில் மருத்துவமனையில் படுப்பது போல விறைப்பாகப் படுத்தாள். அப்புறம் ஒருக்களித்தாள். அப்புறம் போர்வையைக் காலால் உதைத்தாள். தலையணையை இழுத்துக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள். தையற்காரருக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கூச்சமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

எழுந்ததும் அவள் கை தானாகப் போர்வையின் நுனிக்குப் போனது.

"கையை எடுங்க" என்றாள் பணிப்பெண். "போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அவசரமே இல்லாம வாங்க."

டீயில் சர்க்கரை இருந்ததா என்று இருவருக்கும் தெரியாது. கோப்பை காலியானதும் எழுந்து வந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். வாசலில் நின்றாள்.

படுக்கை விரித்திருந்தது.

அவள் அதை ஒருமுறை சுற்றி வந்தாள். நான்கு மூலையையும் பார்த்தாள். எங்கேயும் கை வைக்கவில்லை. அவளுடைய தோள்கள் மெல்ல இறங்கியதை, காலமெல்லாம் தோளளவு எடுத்தே பிழைத்த தையற்காரர் கவனித்தார்.

"நல்லா இருக்குங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இவளுக்கு ஏதாவது கொடுங்க" என்றாள்.

அவர் சட்டைப் பைக்குள் கை விடுவதற்குள் பணிப்பெண் பின்வாங்கினாள். "ஐயோ வேண்டாம்ப்பா. கைக்குக் கை வாங்கினா வேலை போயிடும். எல்லாம் நன்றித் துறை வழியாத்தான் வரணும்."

"உனக்கு எவ்வளவு வருது அதுல?"

"பாராட்டு வரும். போன மாசம் ரெண்டு பாராட்டு வந்துச்சு."

தையற்காரரின் மனைவி அவள் தோளைப் பிடித்தாள். "அப்ப இதையாவது வாங்கிக்கோ. இதுல படு."

"அம்மா, விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? என் பொண்ணு இப்படிக் கண்ணைச் சொருகிக்கிட்டு நின்னா அடிச்சுப் படுக்க வெப்பேன். யாராவது வந்தா நான் பதில் சொல்றேன். படு கண்ணு."

அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சும்மா ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தவள், உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்தாள். தலை தலையணையில் படும்போதே தூங்கிவிட்டாள். தையற்காரரின் மனைவி அவள் தொப்பியையும் காலணிகளையும் கழற்றி எடுத்தாள். கழுத்து வரை போர்த்திவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிலில் கிடந்த துண்டை மடியில் போட்டு மடிக்கத் தொடங்கினாள். தையற்காரர் காலணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் திரைச்சீலை ஓரம் நின்றார். அந்தத் திரையின் விளிம்புத் தையல் பிரிந்திருந்தது. பதற்றத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கயிற்றை ஒருவர் அவிழ்த்தார். பொத்தான்கள் மின்ன இயக்குநர் உள்ளே வந்தார். பின்னால் முதலீட்டாளர்கள் ஐந்தாறு பேர்.

ஆளில்லாத படுக்கையைக் காட்ட வந்தவர், படுக்கையில் ஆளைக் கண்டு ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான். அவருடைய உத்தியோகத்துக்கு அதற்கு மேல் தடுமாறினால் கட்டுப்படியாகாது.

"மெதுவாக வாருங்கள்" என்றார் தணிந்த குரலில். "வெறும் கட்டிலைக் காட்டுவதில் என்ன இருக்கிறது? இவர் எங்கள் பயணி. அந்த முகத்தைப் பாருங்கள். ஒரு கவலையும் இல்லாத முகம். வாழ்க்கையில் இதுவரை ஒரு வேலையும் செய்யாதவர்களுக்குத்தான் இப்படி ஒரு தூக்கம் வரும்."

முதலீட்டாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பணிப்பெண் தூங்குவதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

"உங்க பயணிகள் எல்லாரும் இப்படித்தான் இருக்காங்களா?" என்று கேட்டாள் வைரத்தோடு போட்ட ஒரு பெண்மணி.

"எல்லோரும்."

"அவர் யாரு?" அவள் தையற்காரரைக் காட்டினாள்.

"திரைச்சீலைப் பிரிவு. தினமும் தையலைச் சரிபார்ப்பார்கள்." அப்புறம் இயக்குநரின் பார்வை, நேற்று மாலை கையைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்ட சகோதரியின்மேல் விழுந்தது. அவர் பார்வை போனது துண்டுவரைக்கும்தான். "இவர் எங்கள் பணியாளர் குடும்பத்தில் ஒருவர். தாராளமாகப் பேசுங்கள். இங்கே யாரும் மனம் திறந்து பேசலாம்."

"நீங்க எத்தனை அறை பார்த்துக்கறீங்கம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

"எங்க வீட்டுல எல்லா அறையும் நான்தான்ங்க."

"கேட்டீர்களா?" இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "கப்பலை வீடு என்கிறார். சம்பளம் போட்டு இந்த உணர்வை வாங்க முடியுமா? அதனால்தான் நாங்கள் அதை முயற்சி செய்வதே இல்லை."

முதலீட்டாளர்கள் தலையாட்டினார்கள். அந்த நெகிழ்ச்சியில் இயக்குநர் தன் பணப்பையை எடுத்து, அதிலிருந்து பெரிய நோட்டு ஒன்றை உருவி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, தையற்காரரின் மனைவியிடம் நீட்டினார். அந்தக் கப்பல் கடலில் இறங்கிய நாளிலிருந்து அவர் கையைவிட்டுப் போன முதல் நன்றித்தொகை அதுவாகத்தான் இருக்கும்.

 அவள் மறுக்கப்போகிறாள், வாயைத் திறந்து தான் யார் என்று சொல்லப்போகிறாள் என்று தையற்காரர் நினைத்தார். அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாம போங்க. தூங்கறா."

இயக்குநர் உட்பட எல்லோரும் நுனிக்காலில் நடந்து வெளியே போனார்கள். கடைசியாகப் போனவர் கயிற்றைக்கூடக் கட்டிவிட்டுப் போனார்.

அவள் எழுந்து போர்வையை லேசாக விலக்கினாள். பணிப்பெண்ணின் மேலுடுப்புப் பையில் நோட்டை நாலாக மடித்துச் செருகி, மறுபடி போர்த்திவிட்டாள். அந்தப் பெண் உறக்கத்தில் ஏதோ முனகிவிட்டு மறுபக்கம் புரண்டாள். படுக்கை நன்றாகக் கலைந்தது.

"உனக்குன்னு கொடுத்ததுதானே அது" என்றார் தையற்காரர் கிசுகிசுப்பாக.

"நான் என்ன இங்க வேலை செய்யவா வந்திருக்கேன்?"

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக் கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். மடியில் பாதி மடித்த துண்டு இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அதை எடுத்துத் தரையில் போட்டாள். அவர் பழக்கதோஷத்தில் குனிந்தார்.

"விடுங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "யாராவது வருவாங்க."